மாடஸ்டி பிளேஸ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரிட்டிஷ் காமிக்ஸ் நாயகி மாடஸ்டியை லயன் காமிக்ஸில் சிறுவயதில் படித்தவர்கள், ஆங்கில மறுபதிப்புகளை இப்போது தேடிக்கொண்டிருப்பவர்கள், 'பல்ப் ஃபிக்‌ஷன்' படத்தில் ஜான் ட்ரவோல்டா கையில் அவளுடைய நாவலைப் பார்த்துவிட்டு வருபவர்கள் என எல்லோரும் ஏறக்குறைய இதே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். திரும்பத் திரும்பக் காதில் விழுந்தவற்றை, கேட்டவர்கள் கேட்டபடியே இங்கே தொகுத்திருக்கிறேன்.

மாடஸ்டி முதல்ல நாவலா, சினிமாவா, காமிக்ஸா?

காமிக்ஸ்தான். அதிலும் நாளிதழில் வந்த படத்தொடர். லண்டனின் 'ஈவ்னிங் ஸ்டாண்டர்ட்' மாலைப் பத்திரிகையில் 1963 மே 13 அன்று தொடங்கியது. எழுதியவர் பீட்டர் ஓ'டானல், வரைந்தவர் ஜிம் ஹால்டவே. முதல் நாவல் 1965-லும் முதல் திரைப்படம் 1966-லும் வந்தன. இரண்டுமே தொடரின் வெற்றிக்குப் பிறகு பிறந்தவை.

தொடர் 2001 ஏப்ரல் 11 அன்று முடிந்தது. அன்று ஓ'டானலுக்கு 81-வது பிறந்தநாள். ஏறக்குறைய 38 ஆண்டுகள், 95 கதைகள், கடைசித் துண்டின் (ஒரு நாளுக்கான படவரிசை) எண் 10,183. ஓவியர்கள் மாறினார்கள். எழுத்து மட்டும் முதல் நாளிலிருந்து கடைசி நாள் வரை ஒரே மனிதருடையது. பத்திரிகைத் தொடர்களில் எழுத்தாளர் மாறுவது சகஜமான விஷயம் என்பதால், இதை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்வதில்லை. மாடஸ்டி இன்றும் படிக்கத்தக்கவளாக இருப்பதற்கு முதல் காரணம் இதுதான் என்பது என் எண்ணம்.

கதைச்சுருக்கம் சொல்லுங்க. யார் இந்தப் பொண்ணு?

இரண்டாம் உலகப் போரில் குடும்பத்தையும் நினைவுகளையும் இழந்த அகதிச் சிறுமி. கிரீஸில் ஒரு முகாமிலிருந்து தப்பி, மத்திய கிழக்கு முழுக்க நடந்தே அலைகிறாள். வழியில் லாப் என்ற முதிய யூத அறிஞரைச் சந்திக்கிறாள். அவரை அவள் பாதுகாக்கிறாள், அவர் அவளுக்குக் கல்வி தருகிறார். மாடஸ்டி என்று பெயர் வைத்ததும் அவர்தான். பிளேஸ் என்பதை அவளே சேர்த்துக்கொண்டாள். ஆர்தர் மன்னர் கதைகளில் வரும் மந்திரவாதி மெர்லினின் குருவுடைய பெயர் அது.

லாப் இறந்தபின் மொராக்கோவின் டான்ஜியர் நகரம். இருபது வயதை எட்டும் முன்பே ஒரு சிறு கும்பலுக்குத் தலைவியாகி, அதை 'நெட்வொர்க்' என்ற சர்வதேசக் குற்ற அமைப்பாக வளர்க்கிறாள். கடத்தலும் கொள்ளையும் உண்டு. போதைப்பொருளையும் பெண்களை விற்கும் தொழிலையும் மட்டும் தொடமாட்டாள். போதுமான பணம் சேர்ந்ததும் அமைப்பைக் கலைத்துவிட்டு, வலதுகரமான வில்லி கார்வினுடன் இங்கிலாந்தில் குடியேறுகிறாள். சொகுசான ஓய்வு வாழ்க்கை இருவருக்குமே சலித்துப்போகிறது. அந்த நேரம் பார்த்து, பிரிட்டிஷ் உளவுத்துறை அதிகாரி சர் ஜெரால்ட் டாரன்ட் உதவி கேட்டு வருகிறார். கதை தொடங்குவதே அங்கேதான்.

அந்த அகதிச் சிறுமி நிஜமாவே இருந்தாளாமே, உண்மையா?

உண்மை. ஓ'டானலே எழுதியிருக்கிறார். 1942-இல் அவர் இளம் ராணுவ வீரர். நடமாடும் வானொலித் தொடர்புப் பிரிவு ஒன்றோடு வடக்கு ஈரானில் முகாமிட்டிருந்தார். போரிலிருந்து தப்பி, தெற்கு நோக்கி நடந்து வந்துகொண்டிருந்த அகதிகளிடையே ஒரு சிறுமி, யாருடனும் சேராமல், தனியாக வந்தாள். கழுத்தில் ஒரு கயிறு. அதில் ஒரு மரத்துண்டு. அதன் நுனியில் ஆணி. அவளுக்கு இருந்த ஒரே ஆயுதம் அது.

வீரர்கள் உணவு கொடுத்தார்கள். பயந்து பறிக்கவும் இல்லை, கெஞ்சவும் இல்லை. சாப்பிட்டாள், கொடுத்த டப்பாக்களை எடுத்துக்கொண்டாள், ஒரு புன்னகை செய்தாள், தன் வழியே நிமிர்ந்து நடந்துபோனாள். பெயர் தெரியாது, அதன்பின் என்ன ஆனாள் என்பதும் தெரியாது. இருபது ஆண்டுகள் கழித்து, ஒரு பெண்ணை நாயகியாக வைத்து ஆணுக்குச் சமமான சாகசத் தொடர் எழுதவேண்டி வந்தபோது, அப்படிப்பட்டவள் எங்கிருந்து வந்திருக்க முடியும் என்ற கேள்விக்கு அந்தச் சிறுமிதான் பதிலாக வந்து நின்றாள்.

ஒரே விஷயத்தை அடுத்தடுத்து ரெண்டு தடவை சொல்றாங்களே, ஏன்?

புத்தகமாகத் தொகுத்ததைப் படிப்பவர்கள் எல்லோரும் கேட்பது இது. நாளிதழில் ஒரு நாளைக்கு ஒரு துண்டு. பெரும்பாலும் மூன்று கட்டங்கள். முதல் கட்டம், நேற்றைய இதழைத் தவறவிட்டவருக்கு நிலைமையைச் சொல்லவேண்டும். இரண்டாவது கதையை ஒரு அடி நகர்த்தவேண்டும். மூன்றாவது, நாளைக்கும் பத்திரிகை வாங்க வைக்கவேண்டும். வேலை முடிந்து ரயிலில் வீடு திரும்பும் லண்டன்காரருக்காக எழுதப்பட்ட கதை இது. ஒரு கதைக்குச் சராசரியாக நூறு துண்டுகளுக்கு மேல். அதாவது நான்கு மாதம் போல ஓடும்.

இதைத் தெரிந்துகொண்டு படித்தால் ஓ'டானலின் திறமை புரியும். அவர் நேற்றையதை அப்படியே திருப்பிச் சொல்வது குறைவு. நேற்று வில்லி சொன்னதை இன்று வில்லனின் பக்கத்திலிருந்து காட்டுவார், அல்லது டாரன்ட் தன் உதவியாளர் ஃப்ரேசரிடம் கவலையோடு பேசுவதாக வைப்பார். நினைவூட்டலும் நடந்துவிடும், புதிதாக ஒன்றும் கிடைத்துவிடும். ஒரே மூச்சில் ஐம்பது பக்கம் படிப்பதைவிட, ஒரு நாளைக்குக் கொஞ்சம் என்று படித்துப் பாருங்கள். தொடரின் தாளம் அப்போதுதான் பிடிபடும்.

மாடஸ்டின்னா லேடி ஜேம்ஸ் பாண்ட் தானே?

விளம்பரங்களில் அப்படித்தான் எழுதினார்கள். அதனாலேயே இந்தக் கேள்வி சாகமாட்டேன் என்கிறது. பாண்ட் அரசு ஊழியர். மேலிடம் உத்தரவிடும், அவர் கிளம்புவார். மாடஸ்டி யாரிடமும் சம்பளம் வாங்கவில்லை. டாரன்ட் கேட்கத்தான் முடியும், மறுக்கும் உரிமை அவளுக்கு உண்டு. பல கதைகளில் உளவுத்துறைக்கு வேலையே இல்லை. ஒரு நண்பருக்கு ஆபத்து, ஓர் ஏழைக்கு அநியாயம், அல்லது பழைய நெட்வொர்க் நாட்களின் கடன் ஒன்று வந்து கதவைத் தட்டுகிறது.

ஒரு தொடர்பு மட்டும் நிஜம். 'டெய்லி எக்ஸ்பிரஸ்' வெளியிட்ட பாண்ட் படத்தொடரில் 'டாக்டர் நோ' கதையை 1960-இல் காமிக்ஸாக எழுதிக் கொடுத்தவர் ஓ'டானல்தான். மாடஸ்டியும் முதலில் எக்ஸ்பிரஸுக்காகத்தான் தயாரானாள். குற்றப் பின்னணி உள்ள நாயகி என்று அவர்கள் தயங்கியதால் ஈவ்னிங் ஸ்டாண்டர்டுக்குப் போனாள்.

மாடஸ்டிக்கும் வில்லிக்கும் நடுவுல அப்படி என்னதான் உறவு? லவ்வா இல்லையா?

காதலர்கள் இல்லை. 38 ஆண்டுகளில் ஒருமுறைகூட அந்தக் கோட்டை ஓ'டானல் தாண்டவில்லை. இருவருக்கும் வெவ்வேறு காதலர்கள் வருகிறார்கள், போகிறார்கள். யாரும் ஒளித்து மறைப்பதில்லை, யாரும் பொறாமைப்படுவதும் இல்லை.

வில்லி லண்டன் கிழக்குப் பகுதியில் அனாதையாக வளர்ந்தவன். சண்டைக்காரன், சிறைப்பறவை, எல்லோர் மேலும் வெறுப்பு. சைகோனில் அவன் சண்டையிடுவதை மாடஸ்டி பார்க்கிறாள். சிறையிலிருந்து பணம் கட்டி மீட்டு, ஒரு வேலை கொடுக்கிறாள். அதுவரை யாரும் அவனை நம்பியதில்லை. அவள் நம்பினாள், அவன் வேறு ஆளாக மாறிவிட்டான். அன்றிலிருந்து அவனுக்கு அவள் இளவரசி. அந்த நன்றியில் அடிமைத்தனம் இல்லை என்பதுதான் அழகு. திட்டம் போடும்போது அவன் யோசனையை அவள் கேட்பாள். சிலசமயம் அவனே தலைமை ஏற்பான். ஒருவர் மாட்டிக்கொண்டால் இன்னொருவர் வந்தே தீருவார் என்பதில் இருவருக்கும் துளி சந்தேகம் கிடையாது.

வில்லியைப் பற்றி எனக்குப் பிடித்த ஒரு விவரம்: அவன் அடிக்கடி பைபிளின் சங்கீதங்களை மேற்கோள் காட்டுவான். கல்கத்தா சிறையில் ஓராண்டு இருந்தபோது படிக்கக் கிடைத்த ஒரே புத்தகம் அதுதானாம். ஆபத்து நெருங்கினால் காது குறுகுறுக்கும் என்பது அவனுடைய இன்னொரு அடையாளம்.

கொண்டையில செருகியிருக்காளே, அது என்ன?

காங்கோ. உள்ளங்கைக்குள் அடங்கும் சிறிய மரக்கட்டை, இரண்டு முனையும் காளான் போல வெளியே துருத்தியிருக்கும். நரம்பு முனைகளில் அடித்தால் ஆள் சத்தமில்லாமல் சாய்ந்துவிடுவான். முடிந்தவரை கொல்லாமல் வேலையை முடிக்கவே மாடஸ்டி பார்ப்பாள், அதற்கு ஏற்ற ஆயுதம் இது. வில்லிக்கு எறிகத்திகள். கைத்துப்பாக்கி அவனுக்குச் சரிப்பட்டு வராது.

ஒரு கதையில இருக்குற முகம் இன்னொரு கதையில இல்லையே?

ஓவியர்கள் மாறியதுதான் காரணம். ஹால்டவே 1970-இல், 'தி வார்லார்ட்ஸ் ஆஃப் ஃபீனிக்ஸ்' என்ற கதை ஓடிக்கொண்டிருக்கும்போதே திடீரென்று காலமானார். ஸ்பெயின் நாட்டு ஓவியர் என்ரிக் பாடியா ரொமேரோ பாதிக் கதையில் பேனாவை எடுத்தார். அந்தக் கதையைக் கூர்ந்து பார்த்தால் கை மாறும் இடம் தெரியும். 1978-இல் 'ஆக்ஸா' என்ற வேறொரு தொடரை வரைய ரொமேரோ விலகினார். ஜான் பர்ன்ஸ், பேட்ரிக் ரைட் இருவரும் கொஞ்சகாலம் வரைந்தார்கள். 1980 முதல் 1986 வரை நியூசிலாந்துக்காரரான நெவில் கால்வின். அதன்பின் மீண்டும் ரொமேரோ, கடைசி நாள் வரைக்கும்.

யார் சிறந்தவர் என்பது ரசிகர்கள் இடையே ஓயாத சண்டை. என் ஓட்டு ஹால்டவேக்கு. கறுப்பு மையை அவர் அள்ளிப் பூசுவார், ஆனால் அந்த இருட்டுக்குள் ஒரு முகத்தின் பாதியில் மட்டும் வெளிச்சம் விழும், நமக்கு எல்லாம் புரிந்துவிடும். அவருடைய மாடஸ்டி அழகி என்பதைவிட, யோசிப்பவள். ரொமேரோவின் கோடு சுத்தமானது, கவர்ச்சியானது. ஓட்டமும் வேகமும் நன்றாக இருக்கும். கால்வினின் கிறுக்கல் போன்ற பாணி முதலில் உறுத்தும். இரண்டு கதை பொறுத்தால் பிடித்துப்போகும்.

சின்னப் பசங்க படிக்கலாமா? கொஞ்சம் அப்படி இப்படி இருக்குமாமே?

பெரியவர்களுக்கான பத்திரிகையில் வந்த தொடர். அரைகுறை ஆடையும் சில இடங்களில் நிர்வாணமும் உண்டு. மாடஸ்டியின் உத்திகளில் ஒன்றே அதுதான். எதிரிகள் நிறைந்த அறைக்குள் மேலாடை இல்லாமல் நுழைவாள், அவர்கள் வாய்பிளந்து நிற்கும் இரண்டு விநாடியில் வில்லி உள்ளே புகுந்துவிடுவான். வன்முறையும் இருக்கிறது. 1968 காலத்து 'பேட் சுகி' போன்ற கதைகள் போதைப் பழக்கத்தை நேராகவே பேசுகின்றன. பத்து வயதுப் பிள்ளைக்கு ஆங்கில மறுபதிப்பைக் கொடுக்கமாட்டேன், பதினைந்து வயதுப் பெண் கேட்டால் தயங்காமல் கொடுப்பேன்.

தமிழ்ல எப்போ வந்தா?

சிவகாசியிலிருந்து வரும் லயன் காமிக்ஸின் முதல் இதழே மாடஸ்டிதான்: 'கத்தி முனையில் மாடஸ்டி', 1984 ஜூலை. அதே ஆண்டில் ராணி காமிக்ஸும் தொடங்கியது. அவர்கள் கையிலெடுத்தது ஜேம்ஸ் பாண்ட் தொடர். ஆக, லண்டனின் இரண்டு பத்திரிகைகளில் வளர்ந்த இரண்டு பேரும் ஒரே நேரத்தில் தமிழ்நாட்டுப் பெட்டிக்கடைகளில் தொங்கினார்கள். வில்லி அழைப்பதுபோலவே 'இளவரசி' என்றுதான் தமிழ் ரசிகர்கள் இன்றும் அவளைக் குறிப்பிடுகிறார்கள்.

நாவல்கள் காமிக்ஸையே வசனமா எழுதினதா?

இல்லை. பெரும்பாலும் புதிய கதைகள். 11 நாவல்கள், 2 சிறுகதைத் தொகுப்புகள், ஆக 13 புத்தகங்கள். 1965-இல் 'மாடஸ்டி பிளேஸ்' என்ற பெயரிலேயே முதலாவது, 1996-இல் 'கோப்ரா டிராப்' கடைசி. மூன்று கட்டத்துக்குள் அடக்கவேண்டிய கட்டாயம் இல்லாததால், நாவல்களில் மனிதர்கள் இன்னும் ஆழமாக வருவார்கள். பார்வையற்ற டைனா, அவள் கணவன் ஸ்டீவ் காலியர், எதற்கும் பதறாத மருத்துவர் கைல்ஸ் பென்னிஃபெதர் ஆகியோர் நாவல்களில் பிறந்தவர்கள்.

முதல் நாவலில் ஒரு காட்சி. டாரன்ட், மாடஸ்டியின் லண்டன் வீட்டுக்கு வருகிறார். வில்லி தென் அமெரிக்கச் சிறையில் சாகக் கிடக்கிறான் என்ற தகவல் அவர் கையில் இருக்கிறது. அதை வைத்து அவளை மிரட்டி வேலை வாங்கலாம் என்பதுதான் வந்த நோக்கம். அவளைப் பார்த்துப் பேசியதும் மனம் மாறி, எந்த நிபந்தனையும் இல்லாமல் தகவலைக் கொடுத்துவிட்டு எழுந்துவிடுகிறார். மிரட்டியிருந்தால் அவள் ஒரு வேலை செய்திருப்பாள். நம்பியதால் கடைசிவரை கூட நின்றாள். வில்லிக்கும் அவளுக்கும் நடந்ததாக மேலே சொன்னேனே, அதே கதை இங்கே வேறு இடத்தில் நடக்கிறது.

1966 படம் பார்த்தேன், ஒண்ணுமே புரியல. நான் எதையாவது தவறவிட்டேனா?

இல்லை, உங்கள் மேல் தப்பில்லை. இயக்கியவர் ஜோசப் லோசி, மாடஸ்டியாக மோனிகா விட்டி, வில்லியாக டெரன்ஸ் ஸ்டாம்ப், வில்லன் கேப்ரியலாக டர்க் போகார்ட். அந்த ஆண்டு கான் திரைப்பட விழாவில் போட்டிக்கும் போனது. உடைகளும் அரங்குகளும் கண்ணைப் பறிக்கும். ஆனால் லோசி எடுத்தது உளவுப் படங்களைக் கேலிசெய்யும் படம். மாடஸ்டியும் வில்லியும் சேர்ந்து காதல் பாட்டு பாடுகிறார்கள்! காமிக்ஸின் உயிர்நாடியே அவர்கள் காதலர்கள் இல்லை என்பதுதான் எனும்போது, அதன்பின் என்ன மிச்சம் இருக்கும்?

ஓ'டானல் எழுதிய திரைக்கதை பலமுறை மாற்றி எழுதப்பட்டு, அடையாளமே இல்லாமல் போனது. தன்னுடைய மூலக் கதையைத்தான் அவர் முதல் நாவலாக வெளியிட்டார். படத்துக்கு முன்பே வந்த அந்தப் புத்தகம் படத்தைவிட நெடுங்காலம் வாழ்கிறது.

வேற படமே இல்லையா? டாரன்டினோ எடுக்கப்போறார்னு சொன்னாங்களே?

1982-இல் ஆன் டர்கல் நடித்த அமெரிக்கத் தொலைக்காட்சி முன்னோட்டப் படம் ஒன்று வந்தது, தொடராக வளரவில்லை. அமெரிக்க இயக்குநர் டாரன்டினோ மாடஸ்டியின் ரசிகர். அவர் இயக்கிய 'பல்ப் ஃபிக்‌ஷன்' படத்தில் ட்ரவோல்டாவின் பாத்திரமான வின்சென்ட் கழிப்பறையில் படிப்பது முதல் நாவல்தான். ஆனால் அவர் இயக்கவில்லை. அவர் பெயரைப் போட்டு வந்தது 'மை நேம் இஸ் மாடஸ்டி'. ஸ்காட் ஸ்பீகல் இயக்கம், அலெக்ஸாண்ட்ரா ஸ்டேடன் நடிப்பு. டான்ஜியர் சூதாட்ட விடுதி ஒன்றில் ஒரே இரவில் நடக்கும், நெட்வொர்க் காலத்துக்கு முந்தைய கதை. வில்லி கிடையாது. செலவு குறைந்த சிறிய படம்தான் என்றாலும், மாடஸ்டியின் நிதானத்தைப் பிடித்த ஒரே படம் இது என்பேன்.

ஓ'டானல் இதைத் தவிர வேற எதாவது எழுதினாரா?

நிறைய. மாடஸ்டிக்கு முன்பே 'டெய்லி மிரர்' பத்திரிகையில் 'கார்த்' தொடரை எழுதினார். 'ரோமியோ பிரவுன்' தொடரில்தான் ஹால்டவேயுடன் கூட்டணி அமைந்தது. எழுபதுகளில் மேடலின் பிரென்ட் என்ற பெண் பெயரில் வரலாற்றுக் காதல் நாவல்கள் எழுதினார். அதில் ஒன்று, 'மெர்லின்ஸ் கீப்', 1978-இல் பிரிட்டனின் சிறந்த காதல் நாவலுக்கான விருதை வாங்கியது. எழுதியவர் ஆண் என்று வாசகர்களுக்குத் தெரிந்தது வெகுகாலம் கழித்து.

எங்கிருந்து ஆரம்பிக்கலாம்?

டைட்டன் நிறுவனம் 2004 முதல் 2017 வரை எல்லாப் பத்திரிகைக் கதைகளையும் 30 தொகுதிகளாக, வெளிவந்த வரிசையிலேயே மறுபதிப்பு செய்திருக்கிறது. முதல் தொகுதியில் 'லா மெஷின்', 'தி லாங் லீவர்', 'தி கேப்ரியல் செட்-அப்' மூன்றும் இருக்கின்றன. சிறுவயது வரலாற்றைச் சொல்லும் 'இன் தி பிகினிங்' கதையும் அதிலேயே உண்டு. அதிலிருந்து தொடங்குவது உத்தமம். நாவல்தான் வேண்டும் என்பவர்கள் முதலாவதைப் படித்துவிட்டு 'எ டேஸ்ட் ஃபார் டெத்' நாவலுக்குப் போகலாம். 1994-இல் டிசி வெளியிட்ட, டிக் ஜியோர்டானோ வரைந்த கிராஃபிக் நாவல் முதல் நாவலின் தழுவல். மூலத்தைப் படித்தபின் அதைப் பார்த்தால் போதும்.

1963-லயும் அதே வயசு, 2001-லயும் அதே வயசா?

பத்திரிகைத் தொடரில் ஆமாம், எப்போதும் முப்பதுக்குச் சற்றுக் கீழே. இதனால் ஒரு சிக்கல் உண்டு. போர்க்கால அகதி என்ற பின்னணியை அப்படியே வைத்துக்கொண்டால், தொண்ணூறுகளில் அவளுக்கு ஐம்பது தாண்டியிருக்கவேண்டும். ஓ'டானல் அதற்காகக் கவலைப்படவில்லை, கார்களையும் உடைகளையும் மட்டும் காலத்துக்கு ஏற்ப மாறவிட்டார். கணக்குப் போட்டுக்கொண்டு படிக்காதீர்கள்.

கடைசியில ரெண்டு பேரும் செத்துடறாங்களாமே?

முடிவு தெரியவேண்டாம் என்பவர்கள் இந்தப் பதிலைத் தாண்டிவிடுங்கள். விடை இரண்டு. பத்திரிகைத் தொடரின் கடைசிக் கதையான 'தி ஸோம்பி' முடியும்போது மாடஸ்டியும் வில்லியும் உயிரோடு, நலமாக இருக்கிறார்கள். ஐந்தாண்டுகளுக்கு முன்பே வந்த 'கோப்ரா டிராப்' தொகுப்பின் கடைசிச் சிறுகதையில் மாடஸ்டிக்கு 52 வயது. தீராத நோய் இருப்பது அவளுக்குத் தெரியும். மற்றவர்கள் தப்பிக்க வழிசெய்து பின்தங்கி நின்று சாகிறாள். அவளைத் தனியாக விட்டுப்போக மனமில்லாத வில்லியும் அங்கேயே முடிகிறான்.

அந்தக் கதையைப் படிக்கவே மாட்டோம் என்று சபதம் எடுத்த ரசிகர்கள் இருக்கிறார்கள். அவர்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது, ஆனாலும் படிக்கச் சொல்வேன். தன் பாத்திரங்களை இன்னொருவர் கையில் விட விரும்பாத எழுத்தாளர், தானே எழுதி முடித்த முடிவு அது. மற்ற 12 புத்தகங்களையும் முடித்தபிறகு மட்டும் அதைத் திறங்கள். ஓ'டானல் 2010 மே மாதம், தன் 90-வது வயதில் காலமானார். 2001-க்குப் பிறகு மாடஸ்டிக்குக் காமிக்ஸாக வந்தது, அவருடைய ஒரு சிறுகதையை ரொமேரோ வரைந்து சுவீடனின் 'ஏஜென்ட் எக்ஸ்9' இதழில் வெளியான 'தி டார்க் ஏஞ்சல்ஸ்'.